பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு ஏற்ற கத்தி

உழவனுக்குக் கலப்பையும் வலைஞனுக்கு வலையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாத கருவியொன்று இவ்விருவருக்கும் பொதுவாக உண்டு. அது கத்தி. கலப்பை வாங்குமுன் நான்கு பேரைக் கேட்டறிபவரும், வலை வாங்குமுன் கண்ணியின் அகலத்தை விரலால் அளந்து பார்ப்பவரும், கத்தியை மாத்திரம் சந்தையில் அதன் பளபளப்பைக் கண்டு வாங்கிவிடுகின்றனர். அவ்வாறு வாங்கிய கத்தி நாள்தோறும் நடக்கும் சிறு வேலைகளுக்கு எப்படியோ உதவி வரும். உயிர் காக்க வேண்டிய வேளையில் அது கைவிட்டுவிடும்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் முகத்துவாரத்தைக் கடந்து ஏரிக்குள் மீளும் படகொன்றை எண்ணிப் பார்க்கலாம். மணல் தூர்ந்து வழி குறுகியிருக்கின்றது. வலைக்கயிறு நழுவி நீரில் விழுந்து, இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்கின்றது. இயந்திரம் நின்றுவிட, அலை படகைப் பக்கவாட்டில் திருப்புகின்றது. கயிற்றின் மறுபாகம் ஒருவர் காலைச் சுற்றிக்கொள்ளவும் கூடும். அக்கயிற்றை அறுப்பதற்குள்ள அவகாசம் சில வினாடிகளே. கத்தி பெட்டியின் அடியில் கிடந்தாலும், துருவேறி உறையினின்று வெளிவராவிட்டாலும், வாய் மழுங்கி நைலான் கயிற்றின்மேல் வழுக்கினாலும், அது இருந்தும் இல்லாததற்குச் சமானமே.

ஆகையால் நம்பத்தகுந்த கத்தி எது, அதனைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம், உப்புக்காற்றில் அதனைக் காப்பது எங்ஙனம் என்பவை இங்கு முறையே கூறப்படுகின்றன.

இடத்தின் இயல்பு

பழவேற்காடு ஏரி சென்னைக்கு வடக்கே தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இதுவே. கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள மணல்திட்டிலும், கரையோரத்திலும், பொன்னேரி வட்டத்துக் குப்பங்கள் அமைந்திருக்கின்றன. ஊரின் பெயரிலேயே காடு என்னும் சொல் நிற்கின்றது. இன்று அங்கே மிகுந்து காணப்படுவது வெளிநாட்டினின்று வந்த சீமைக்கருவேலம். அதனோடு பனையும் தென்னையும் உண்டு. ஏரியில் சுத்துவலை கட்டி இறால் பிடிப்போர், பாடு என்னும் முறைப்படி தத்தம் இடத்தை மாற்றி மாற்றி அனுபவித்து வருகின்றனர். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் உண்டு.

சாதாரண நாட்களில் இது அமைதியான இடமே. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் தோன்றுமாயின் நிலைமை முற்றும் மாறிவிடும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சென்னைக்கு அருகே கரை கடந்த வர்தா புயல் கணக்கற்ற மரங்களைச் சாய்த்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின் பெருமழையால் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அத்தகைய காலங்களில் பாதை அடைபட்டு, மின்சாரம் நின்று, படகுப் போக்குவரத்தும் நின்றுவிடின், மணல்திட்டிலுள்ள குப்பம் ஓரிரு நாள் தன்னையே நம்பியிருக்க நேரிடும். விழுந்த மரத்தை வெட்டி வழி செய்வதும், ஈரத்தில் அடுப்பு மூட்டுவதும், இளநீர் சீவிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும், ஓலை வெட்டிக் கூரை மறைப்பதும் ஆகிய யாவும் கத்தியால் ஆக வேண்டியவை.

ஒரே கத்தி எல்லாவற்றிற்கும் ஆகாது

ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் காட்டின் மரத்திற்கேற்பவே கத்தியை வகுத்துக்கொண்டனர். பின்லாந்து, சுவீடன் முதலிய வடதேசங்களில் மரம் மென்மையானது. அங்கே மூன்று அல்லது நான்கு அங்குல அலகுடைய சிறு கத்தியே காட்டு வாழ்க்கைக்குப் போதுமானதாயிற்று. மலாய் நாட்டில் கொடியும் புதரும் அடர்ந்திருப்பதால் பராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி தோன்றியது. நேபாளத்தார் வெட்டவும் சீவவும் ஒருங்கே உதவுமாறு குக்ரியை முன்பக்கம் வளைத்துக் கனமாக்கினர். இவற்றுள் ஒன்றைப் படத்திலோ கடையிலோ கண்டு, அப்படியே வாங்குவது அறிவுடைமையாகாது. பழவேற்காட்டில் கத்தியினால் வெட்டப்படுவன எவை என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் கடினமானது, முள்ளுடையது. பனைமட்டை நாருடையது, ஓரத்தில் கருக்குடையது. தேங்காய் மட்டை கத்தியின் வாயைப் பற்றிக்கொள்ளும். நைலான் கயிறு வழுக்கும். இவையனைத்திற்கும் ஒரே கத்தி போதாது.

ஆகவே குடும்பமொன்றிற்கு இரண்டு கத்திகள் வேண்டும். முதலாவது, நான்கு முதல் ஐந்து அங்குல அலகும், முதுகில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமும் உடைய இடைக்கத்தி. சீவுதல், அறுத்தல், மீன் சுத்தம் செய்தல், ஓலை கிழித்தல் ஆகியவை இதன் வேலை. இரண்டாவது, பத்து முதல் பன்னிரண்டு அங்குல அலகும், முதுகில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமும் உடைய வெட்டுக்கத்தி. விறகும், கிளையும், தேங்காயும் இதற்குரியவை. படகுடையோர் படகிற்கென்றே மூன்றாவது கத்தியொன்று வைத்திருத்தல் வேண்டும். அதன் இயல்பு பின்னர்க் கூறப்படும்.

மடக்குக் கத்தி சட்டைப்பைக்கு வசதியானதே. ஆயினும் மணலும் உப்பும் அதன் மூட்டிற் புகுந்தால் திறவாது. பலமாக அழுத்தினால் விரலின்மேல் மடங்கும். ஆகையால் அபாய காலத்திற்கு அதனை நம்பலாகாது.

இரும்பும் பதமும்

இரும்பை எஃகாக்கும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளினின்று இரும்புக் கருவிகள் எடுக்கப்பட்டன. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் எஃகு உருக்கியதற்கான சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இன்றும் கிராமக் கொல்லருடைய பட்டறையில் அடித்த கத்தி, நல்ல இரும்பாலானதாயும் நல்ல பதமுடையதாயும் இருக்குமாயின், அதிக விலை கொடுத்து வாங்கும் பிறநாட்டுக் கத்திக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

இரும்பிலுள்ள கரியின் அளவே முதற் காரணம். கட்டிட வேலைக்குரிய மெல்லிரும்பில் கரி மிகக் குறைவு. அதனை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நில்லாது. பழைய லாரியின் வில்பட்டையில் நூற்றுக்கு ஏறக்குறைய அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை கரி உண்டு. அது முறையாகக் கடினப்படும்; அடி தாங்கும். ஆதலின் வெட்டுக்கத்திக்கு வில்பட்டையே சிறந்தது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடுமாகையால், ஆணித்துளை உள்ள நடுப்பாகத்தை நீக்கி, ஓரப்பாகத்தை எடுக்கும்படி கொல்லரிடம் கூறுதல் நலம்.

கொல்லர் துவைச்சல் என்று கூறும் பதப்படுத்தலில் இரண்டு படிகள் உள. முதற்படியில், காந்தம் ஒட்டாத அளவிற்குச் செம்மையாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். வில்பட்டையை நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். தோய்த்தவுடன் இரும்பு கண்ணாடியைப்போல் கடினமாயும் நொறுங்கத்தக்கதாயும் இருக்கும். இரண்டாம் படியில் அதனை மெல்லச் சூடாக்கிக் கடினத்தைச் சிறிது தணிக்க வேண்டும். சுத்தமாகத் தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் தோன்றி, அது பழுப்பாக மாறும்போது, சூடு 200 முதல் 250 டிகிரி வரை சென்றிருக்கும். சீவும் கத்திக்கு வைக்கோல் நிறத்திலும், ஓங்கி வெட்டும் கத்திக்குப் பழுப்பு அல்லது ஊதா நிறத்திலும் நிறுத்துதல் பொருந்தும். அவசரத்தில் இரண்டாம் படியை விட்டுவிடும் பட்டறைகளும் உண்டு. அத்தகைய கத்தி முதல் மாதத்தில் மிகக் கூர்மையாயிருந்து, பின்னர்க் கருவேலங் கணுவில் பட்டதும் பல் விழுந்துவிடும்.

துருப்பிடியா எஃகு எனப்படும் ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் என்னும் உலோகம் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் கலந்திருக்கும். அது துருவை எதிர்க்குமேயன்றி முற்றும் தடுக்காது. உப்புநீர் நெடுநாள் தங்கினால் அதிலும் சிறு குழிகள் விழும். ஆயினும் மாதக்கணக்கில் படகில் தொடாமல் வைத்திருக்கும் கத்திக்கு அதுவே ஏற்றது. நாள்தோறும் கையாண்டு, நாள்தோறும் துடைக்கப்படும் கத்திக்கோ, எளிதில் தீட்டக்கூடிய சாதாரண எஃகே மேலானது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

அலகின் பளபளப்பும், முதுகிலுள்ள பற்களும், பிடியின் வர்ணமும் கத்தியின் தரத்திற்கு அடையாளமல்ல. பின்வரும் சோதனைகள் எளியவை.

முதலாவது, அலகை முதுகின் பக்கமாகக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்க்க வேண்டும். கோணல் இருப்பின் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, நல்ல அரமொன்றை வாயின் ஓரத்தில் மெல்ல இழுக்க வேண்டும். அரம் ஆழமாகக் கடித்தால் இரும்பு மென்மையானது. சிறிதும் கடியாமல் கண்ணாடியின்மேல் போல் வழுக்கினால் அது மிகக் கடினமானது. சற்றே தயங்கிக் கடிப்பது தக்க பதம்.

மூன்றாவது, உருண்டையான பித்தளைக் கம்பியொன்றின்மேல் கத்தியின் வாயைச் சாய்த்து வைத்து இலேசாக அழுத்த வேண்டும். வாய் சற்றே வளைந்து, அழுத்தத்தை எடுத்ததும் நேராகுமாயின் பதம் சரியானது. வளைந்தபடியே நின்றால் குறைவு. சிறு துண்டு உதிர்ந்தால் மிகை.

நான்காவது, காய்ந்த கருவேலங் கணுவில் பத்து வெட்டு வெட்டி, வாயை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மின்னும் புள்ளி தெரியுமாயின் அவ்விடத்தில் வாய் மடங்கியோ உடைந்தோ இருக்கின்றது.

ஐந்தாவது, பிடியைக் கழுத்தருகே பற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை அசைவு இருந்தாலும் அது ஒரு மழைக்காலத்திற்குமேல் நில்லாது.

பிடியும் உறையும்

கத்திகள் பெரும்பாலும் பிடி சேரும் இடத்திலேயே முறிகின்றன. அலகின் வால் பிடிக்குள் இரண்டு அங்குலம் மாத்திரம் சென்று நிற்குமாயின், ஓங்கிய வெட்டின் வேகமெல்லாம் அவ்வொரு இடத்தில் தாக்கும். வால் பிடியின் கடைசி வரை சென்று, இருபுறமும் மரச்சில் வைத்து மூன்று ரிவெட்டு ஆணிகளால் இறுக்கப்பட்டிருப்பதே உறுதியானது. பூவரசு, வேங்கை முதலியவற்றின் நன்கு உலர்ந்த மரம் பிடிக்கு ஏற்றது. எண்ணெயிட்டு வைத்தால் ஈரத்தில் வீங்காது. வழவழப்பாக மெருகிட்ட பிடி, மீன் கொழுப்புப் பட்ட கையில் நழுவிவிடும். கையினின்று வழுவாமலிருக்கப் பிடியின் கடைப்பாகம் சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும். பிடியின் கழுத்தில் பித்தளைப் பூண் போடுவது பார்வைக்கு அழகாயிருப்பினும், உப்புநீர் பட்டால் பித்தளையை ஒட்டிய இரும்பு விரைந்து அரிக்கப்படும். ஆகையால் கடலோரக் கத்திக்கு இரும்புப் பூணே தகும்.

தோல் உறை வயல்வெளிக்கு நல்லது, ஏரிக்கு ஆகாது. தோல் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சிவைத்துக் கத்தியை உள்ளிருந்தே தின்னும். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாயின் துண்டொன்றைச் சூடாக்கித் தட்டையாக்கி, அலகின் அளவிற்கு அழுத்தி, அடியில் நீர் வடிய ஒரு துளையிட்டால் செலவில்லாத நல்ல உறை கிடைக்கும். உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி விழலாகாது. ஒரு கையால் இழுத்தால் வந்துவிட வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்திருப்பதே நல்ல உறைக்கு இலக்கணம்.

உப்பினின்று காத்தலும் தீட்டுதலும்

கத்தியின் ஆயுள் கொல்லரிடத்தில் கால் பங்கும் உடையவரிடத்தில் முக்கால் பங்கும் இருக்கின்றது என்று கூறினும் மிகையாகாது. ஏரியிலிருந்து திரும்பியதும் வலையை உலர்த்துவதுபோலவே, கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் சிறிது வைத்து, சிறிதளவு தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். மீன் அறுத்த கத்திக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோதான் உகந்தது. இயந்திர எண்ணெய் கூடாது. இவ்வேலைக்கு இரண்டு நிமிஷமே ஆகும். ஓர் இரவு உப்பு ஈரத்தோடு உறையிலிட்ட கத்தியின் வாயில் தோன்றும் துருவை நீக்க அரைமணி நேரம் ஆகும். அப்போதும் வாய் பழைய நிலைக்கு வாராது.

தீட்டுவதற்குச் சொரசொரப்பான பக்கமும் நயமான பக்கமும் உடைய கல்லொன்று போதும். கல்லை நீரால் நனைத்து, கத்தியின் முதுகைச் சற்றே தூக்கி, ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில் வைத்து, வாய் முன்னோக்கிச் செல்லுமாறு தள்ள வேண்டும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்து ஓரத்தில் விரலுக்குத் தட்டும் பிசிர் தோன்றும். அது முழு நீளத்திற்கும் தோன்றிய பின்னரே பக்கத்தை மாற்ற வேண்டும். முடிவில் நயமான பக்கத்தில் இலேசாக மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரை நீக்க வேண்டும். பனையேறுவோர் தங்கள் பாளை அரிவாளை மரப்பலகையில் வெண்கற்பொடி தூவித் தீட்டிக்கொள்ளும் முறையும், கல் கிடையாத இடத்தில் மிகவும் பயனுடையது.

சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது பொறி பறப்பதைக் கண்டு மகிழலாகாது. அலகின் ஓரம் நீல நிறமாகுமாயின், கொல்லர் கொடுத்த பதம் அவ்விடத்தில் போய்விட்டது என்று பொருள். சாணை பிடிப்பவரிடம் அடிக்கடி நீரில் தோய்த்துப் பிடிக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. வலை பழுது பார்க்கும் அந்நாட்களில் கத்திகளையும் பிடி மாற்றி, தீட்டி, எண்ணெயிட்டு வைத்தால், ஐப்பசிப் புயலுக்குக் குடும்பம் ஆயத்தமாயிருக்கும்.

படகில் கையாளும் முறை

படகுக் கத்தியின் முதல் வேலை கயிறறுத்தல். நெற்கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் பற்கள் வழுக்கும் தாளை எங்ஙனம் பற்றி அறுக்கின்றனவோ, அங்ஙனமே பற்களுள்ள வாய் நைலான் கயிற்றைப் பற்றி அறுக்கும். ஆகையால் படகுக் கத்தியின் அலகில் பாதியளவேனும் கருக்கு வெட்டியிருத்தல் நலம். கருக்கு இல்லாத கத்தியாயின், நயமான பக்கத்தில் மெருகேற்றாமல், சொரசொரப்பான பக்கத்தில் தீட்டியதோடு நிறுத்தினால் கயிற்றை எளிதில் அறுக்கும். முனை மழுங்கியிருக்க வேண்டும். ஆடும் படகில் கூரிய முனை, கயிற்றினும் முன்னதாக அருகிலிருப்பவர் உடலைத் தேடும். காலில் சுற்றிய கயிற்றை அறுக்கும்போது வாயை உடலுக்கு வெளிப்புறமாக வைத்து இழுக்க வேண்டும். இறுகிய கயிறு அறுபடும்போது சாட்டைபோல் துள்ளுமாகையால், முகத்தை அதன் நேரே வைக்கலாகாது. விசிறியில் சுற்றிய கயிற்றை அகற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தியாயிற்றா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கத்தி பெட்டியில் இருக்கலாகாது. இயந்திரம் ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில், இரு கையாலும் எடுக்கத்தக்கவாறு, உறையோடு கட்டியிருக்க வேண்டும். நீரில் விழாதபடி மூன்று முழச் சிறு கயிற்றால் படகோடு பிணைக்கலாம். மணிக்கட்டில் மாத்திரம் சுற்றிக்கொள்ளலாகாது. படகில் ஏறும் ஒவ்வொருவரும், இளைஞர் முதல் முதியோர் வரை, கத்தி இருக்குமிடத்தை இருட்டிலும் தடவி எடுக்கப் பழகியிருத்தல் அவசியம்.

கரையில் கையாளும் முறை

கத்தியைக் கையிலெடுத்ததும், கையை நீட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். கையும் கத்தியும் எட்டும் தூரத்திற்குள் எவரும் நிற்கலாகாது. சீவும்போது உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களின்மேல் ஊன்றி, கத்தி உடலை விட்டு வெளிநோக்கிச் செல்லுமாறு சீவ வேண்டும். தொடையின்மேல் மரத்தை வைத்துச் சீவுதல் பெரிய அபாயம். தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக்குழாய் செல்கின்றது. பிறரிடம் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கமாக நீட்ட வேண்டும். இளநீரை உள்ளங்கையில் ஏந்திச் சீவுவது வழக்கமாயினும், ஈரக்கையால் அதனைச் செய்யாமல், கட்டையின்மேல் வைத்துச் சீவுதல் நன்று.

மழையில் நனைந்த விறகு எரியாது என்று கைவிட வேண்டியதில்லை. தரையில் கிடப்பதை விட்டு, நின்றபடியே காய்ந்த சீமைக்கருவேலங் கிளையை வெட்டி, இடைக்கத்தியை அதன் தலையில் வைத்து, முதுகின்மேல் மரக்கட்டையால் தட்டிப் பிளந்தால், உள்வைரம் உலர்ந்திருக்கக் காணலாம். அதனை விரல்கனச் சில்லாக்கி, சில்லின் ஓரத்தில் சுருள் சுருளாகச் சீவி, சுருள்கள் உதிராமல் விட்டு வைத்தால், அவை எளிதில் தீப்பற்றும். தென்னை மரத்தின் மட்டையிடுக்கில் மழைபடாமலிருக்கும் பன்னாடை, முதல் தீக்கு மிகச் சிறந்த பொருள். கருவேல முள் கையில் ஏறி முறிந்தால் புண் சீழ்க்கட்டும். வெட்டுமுன் சிறு கிளைகளை வெட்டுக்கத்தியின் முனையால் களைந்துவிடுவது நலம்.

புயலுக்குப்பின் தென்னந்தோப்பைச் சுத்தம் செய்கையில் நிலமுடையோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். முறிந்த மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டினால், அப்பச்சைக் காயத்தின் வாடையால் சிவப்புக் கூன்வண்டு ஈர்க்கப்பட்டு, காயத்தில் முட்டையிடும். பச்சை மட்டையை வெட்ட நேரின் தண்டிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி விட்டே வெட்ட வேண்டும். தண்டில் கத்தி படவே கூடாது. ஒரு நாளின் அவசர வெட்டு பல ஆண்டு காய்க்கும் மரத்தைக் கொன்றுவிடக்கூடும்.

கத்தியால் செய்யத் தகாதவை

பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்றும் பழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. இது கொடிய தவறு. கீறுவதால் விஷம் வெளிவராது. கண்ணாடிவிரியன் முதலியவற்றின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்குமாகையால், கீறிய காயமே உயிரைக் குடிக்கவும் கூடும். கடியுண்டவரை அசையாமல் படுக்கவைத்து, கடித்த உறுப்பைச் சிம்பு வைத்து ஆடாமல் நிறுத்தி, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, 108 ஊர்தியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். கத்திக்கு அங்குள்ள வேலை சிம்புக்குக் குச்சி வெட்டுவது ஒன்றே.

திருக்கையின் முள்ளோ கெளுத்தியின் முள்ளோ குத்தினாலும் அறுத்து எடுக்க முயலலாகாது. பொறுக்கத்தக்க அளவு வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருந்தால் வலி தணியும். முள் ஆழமாகத் தங்கியிருந்தாலும், மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் மருத்துவரே பார்க்க வேண்டும். கத்திக் காயம் ஏற்பட்டால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, உறுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். உவர்நீரில் பட்ட காயம் சிறியதாயினும், சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. தனுர்வாத ஊசி போட்டுக்கொண்ட காலத்தையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

சட்டமும் கிராம அதிகாரிகளும்

ஆயுதச் சட்ட விதிகளின்படி 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுதமாகக் கருதப்படுகின்றன. ஆயினும் வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று அமைந்த கத்திகள் அதற்கு விலக்கு. வெட்டுக்கத்தியை வயலுக்கும் படகிற்கும் எடுத்துச் செல்வதில் குற்றமில்லை. திருவிழாவிற்கும் சந்தைக்கும் இடுப்பில் செருகிச் செல்வது வீண் தொல்லையை விலைக்கு வாங்குவதாகும்.

ஏரியின் பகுதிகள் பறவைகள் சரணாலயமாதலால், அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. அலையாத்தி மரங்களை வெட்டலாகாது. அவை புயலலையைத் தடுக்கும் அரண். இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. விறகுக்குச் சீமைக்கருவேலம் தாராளமாகக் கிடைக்கையில் இம்மரங்களின்மேல் கத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் குப்பத்துப் பெரியோரும் புரட்டாசி மாத முடிவிற்குள் சில ஏற்பாடுகளைச் செய்துவைக்கலாம். புயல் காப்பகம் ஒவ்வொன்றிலும் பதமறிந்து வாங்கிய நான்கு வெட்டுக்கத்திகளும், இரண்டு தீட்டுக்கற்களும், அரமொன்றும், எண்ணெயும் எண்ணி வைத்து, பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். படகுகளைப் பார்வையிடும்போது மிதவைச் சட்டையோடு கயிறறுக்கும் கத்தியும் இருக்கின்றதா என்று கேட்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் அழைக்கவேண்டிய கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணைப் படகின் உட்புறத்தில் எழுதிவைக்கச் செய்யலாம். அருகிலுள்ள கொல்லருக்கு ஆண்டில் ஒருமுறை ஊரார் ஒன்றுகூடி வேலை கொடுத்தால், குப்பத்திற்கு நல்ல கத்தியும் கிடைக்கும், பட்டறையும் அணையாதிருக்கும்.

பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களின் சிறு கத்தியைக் கண்டவர்கள் இதன் உண்மையை உணர்வர். நாள்தோறும் ஓலை கிழிப்பதால் வாய் மழுங்குமுன்னரே அது தீட்டப்படுகின்றது. வேலை முடிந்ததும் துடைக்கப்படுகின்றது. வைத்த இடத்திலேயே மறுநாளும் இருக்கின்றது. படகிலும் தோப்பிலும் உள்ள கத்திகளுக்கு இந்த மூன்று வழக்கங்களும் வாய்க்குமாயின், முகத்துவாரத்து அலையில் கயிறு இறுகும் அந்தச் சில வினாடிகளுக்குள் கை கத்தியைக் கண்டுகொள்ளும். கத்தி கயிற்றை அறுத்துவிடும்.